கா, ம, இ

மருந்துக் கடையில் மாத்திரைப் பட்டையை வெட்டிப் போட்டுத் தருகிற சின்னக் காகித உறையின் மேல் மூன்று எழுத்துகள் அச்சாகியிருக்கும்: கா, ம, இ. பக்கத்திலேயே சாப்பாட்டுக்கு முன், பின் என்பதற்கு சா.மு., சா.பி. என்று இரண்டு. கடைக்காரர் பேனாவால் டிக் அடிப்பார், இல்லையென்றால் 1–1–1 என்று கிறுக்குவார். அரசு மருத்துவமனை மருந்து ஜன்னலில் பல நேரம் அந்த உறைகூட இருக்காது. கேப்ஸ்யூல்களை எண்ணிக் கையில் கொடுத்து, "மூணு வேளை, சாப்பிட்டுப் போடுங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த சீட்டை வாங்கிவிடுவார்கள். ஓர் ஆன்டிபயாடிக் நம் உடம்புக்குள் எப்போது போக வேண்டும் என்பது பற்றி நோயாளிக்குக் கிடைக்கிற மொத்தத் தகவலும் பெரும்பாலும் இவ்வளவுதான்.

1–1–1க்கு நடுவே இருக்கும் இரண்டு கோடுகளும் காகிதத்தில் ஒரே நீளம். வீட்டில் அப்படி இல்லை. காலை எட்டு மணிக்கு இட்லி, மதியம் ஒன்றரைக்குச் சோறு, இரவு ஒன்பதுக்குத் தோசை என்றால் முதல் இடைவெளி ஐந்தரை மணி நேரம், அடுத்தது ஏழரை. யாரும் எழுதாத மூன்றாவது கோடு ஒன்று இருக்கிறது, இரவிலிருந்து மறுநாள் காலை வரைக்கும். அது பதினொரு மணி நேரம். புத்தகம் சொல்வது எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை. மருத்துவருக்கும் அது தெரியும். விடிகாலை ஐந்து மணிக்கு அலாரம் வைத்து எழுந்து மாத்திரை போடச் சொன்னால் யாரும் கேட்கமாட்டார்கள் என்பதும் அவருக்குத் தெரியும்.

அந்தப் பதினொரு மணி நேரத்தில் உள்ளே என்ன நடக்கிறது? அமாக்சிசிலினையே எடுத்துக்கொள்ளலாம். 500 மி.கி. கேப்ஸ்யூல் ஒன்றை விழுங்கினால் ஒன்றரை, இரண்டு மணி நேரத்தில் ரத்தத்தில் அதன் அளவு உச்சத்துக்குப் போகிறது. மில்லிலிட்டருக்கு ஏறத்தாழ 6 மைக்ரோகிராம். அங்கிருந்து இறக்கம். சிறுநீரகம் அதை வெளியே தள்ளுகிற வேகத்தில், சுமார் ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை அளவு பாதியாகிறது. அரையாயுள் என்பது இந்த நேரம்தான். காலை எட்டுக்குப் போட்டது பத்து மணிக்கு 6 என்றால், பதினொன்றுக்கு 3, பன்னிரண்டுக்கு 1.5, ஒரு மணிக்கு 0.75. ஒன்றரைக்கு அடுத்தது உள்ளே போய்விடுவதால் பகல் பொழுது ஒருமாதிரி ஓடிவிடும். இரவு ஒன்பதுக்குப் போட்டது பதினொரு மணிக்கு உச்சத்தைத் தொட்டு, விடிகாலை நான்குக்கு 0.2க்கும் கீழே வந்து, காலை எட்டு மணிக்கு உச்சத்தில் ஐந்நூற்றில் ஒரு பங்கு ஆகியிருக்கும். இட்லி வேகும்போது ரத்தத்தில் மருந்து இருக்கிறது என்று சொல்வதே மரியாதைக்காகத்தான்.

இதைப் படித்துப் பதறத் தேவையில்லை. எவ்வளவு மருந்து மிச்சம் இருக்கிறது என்பது பாதிக் கேள்விதான். எவ்வளவு இருந்தால் அந்தக் கிருமி வளராது என்பது மீதிப் பாதி. சோதனைக் குழாயில் ஒரு பாக்டீரியாவின் வளர்ச்சியை நிறுத்தத் தேவையான மிகக் குறைந்த அளவைக் குறைந்தபட்சத் தடுப்புச் செறிவு என்பார்கள்; தடுப்பு அளவு என்று சுருக்கிக்கொள்கிறேன். தொண்டைப் புண் உண்டாக்கும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பென்சிலின் குடும்பத்துக்கு இன்றுவரை மடங்குகிற கிருமி. அதன் தடுப்பு அளவு மிகமிகச் சிறியது. அதனால்தான் ஸ்ட்ரெப் தொண்டைக்கு அமாக்சிசிலினைப் பெரிய அளவில் நாளுக்கு ஒரே வேளையாகப் பத்து நாள் கொடுக்கலாம் என்று அமெரிக்கத் தொற்றுநோய் மருத்துவர் சங்கத்தின் வழிகாட்டி நெறி அனுமதிக்கிறது. நிமோனியா உண்டாக்கும் நியூமோகாக்கஸில் எதிர்ப்பு ஏறிய வகை என்றால் தடுப்பு அளவு 1, 2 என்று உயர்ந்துவிடும். கேப்ஸ்யூல் அதேதான், சிறுநீரகமும் அதேதான், கணக்கு மட்டும் வேறு.

இந்தக் கணக்கை முதலில் ஒழுங்காகப் போட்டவர் ஹாரி ஈகிள். அமெரிக்காவில் 1940களின் கடைசியில் ஆய்வக விலங்குகளுக்கு ஒரே மொத்த அளவு பென்சிலினைப் பல விதமாகப் பிரித்துக் கொடுத்துப் பார்த்தார். 1950இல் அவர் வந்து சேர்ந்த முடிவு இதுதான்: உச்சம் எவ்வளவு உயரம் போனது என்பது பென்சிலினுக்கு முக்கியமில்லை, கிருமியைக் கொல்லப் போதுமான அளவு மொத்தம் எத்தனை மணி நேரம் நின்றது என்பதுதான் முக்கியம். பல பத்தாண்டுகள் கழித்து விஸ்கான்சினில் வில்லியம் கிரெய்க், வெள்ளணுக்கள் குறைக்கப்பட்ட எலிகளின் தொடையில் தொற்றை உண்டாக்கி இதற்கு எண் வைத்தார். பென்சிலின் வகை மருந்துகள் ஒரு நாளில் ஏறக்குறைய 40 சதவீத நேரத்துக்குக் குறையாமல் தடுப்பு அளவுக்கு மேலே நிற்க வேண்டும். 24 மணி நேரம் முழுக்க நிற்கத் தேவையில்லை. பத்து மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக நின்றாலே போதும்.

இப்போது நம் அமாக்சிசிலினுக்கு வருவோம். கிருமியின் தடுப்பு அளவு 1 என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு கேப்ஸ்யூல் போட்டால் அரை மணி நேரத்தில் அந்தக் கோட்டைத் தாண்டும். உச்சம் போய்த் திரும்பி நாலரை மணி நேரத்தில் கோட்டுக்குக் கீழே விழும். ஆக ஒரு கேப்ஸ்யூலுக்கு நான்கு மணி நேரம். மூன்றுக்குப் பன்னிரண்டு, அதாவது ஒரு நாளில் பாதி. தேர்ச்சி. இடைவெளிகள் கோணல்மாணலாக இருந்தாலும் இந்தக் கூட்டுத்தொகை மாறாது என்பதைக் கவனியுங்கள். மதிய மாத்திரை ஒன்றரைக்குப் போவதும் மூன்று மணிக்குப் போவதும் கணக்கில் ஒன்றுதான். வீட்டுச் சாப்பாட்டு நேரத்தை வைத்தே வைத்தியம் ஓடிவந்திருப்பதற்கு இது ஒரு காரணம்.

ஆனால் கடைக்கு வருகிற கேள்வி வேறு மாதிரி இருக்கும்.

"அண்ணே, மத்தியானத்து மாத்திரைய வேலைக்குப் போன இடத்துல மறந்துட்டேன். ராத்திரி ரெண்டா சேத்துப் போட்டுக்கவா?"

"வேணாம்க்கா. ஞாபகம் வந்தப்ப ஒண்ணு போடுங்க, அப்புறம் வழக்கம்போலப் போடுங்க."

அந்த அக்காவின் கேள்வியில் ஒரு நியாயம் இருக்கிறது. மொத்த எண்ணிக்கை சரியாக வர வேண்டும் என்று நினைக்கிறார். கூலிக் கணக்கில் அது சரிதான். ரத்தத்தில் நடப்பது வேறு. இரண்டு கேப்ஸ்யூலைச் சேர்த்து விழுங்கினால் உச்சம் 6க்குப் பதிலாக 12 ஆகும் (உண்மையில் அவ்வளவுகூட ஏறாது, அளவு கூடக் கூடக் குடல் அமாக்சிசிலினை உறிஞ்சும் விகிதம் குறையும்). 12 பாதியாகி 6 ஆக ஒரு மணி நேரம். அதற்குப் பிறகு பழைய கதைதான். ஆக இரண்டாவது கேப்ஸ்யூல் வாங்கித் தந்தது கூடுதலாக ஒரே ஒரு மணி நேரம். மதியம் தனியாகப் போட்டிருந்தால் நான்கு மணி நேரம் தந்திருக்கும். காலையில் நான்கு, இரவில் ஐந்து, மொத்தம் ஒன்பது. 40 சதவீதக் கோட்டுக்குக் கொஞ்சம் கீழே. சீக்கிரம் வெளியேறும் மருந்துகள் எல்லாவற்றிலும் இதே விதிதான்: அளவை இரட்டிப்பாக்கினால் கிடைப்பது ஓர் அரையாயுள் மட்டுமே.

இதே கணக்கை வைத்துப் பார்த்தால் எனக்கு நெருடுவது மறதியைவிட 1–0–1தான். அமாக்சிசிலினோடு கிளாவுலனிக் அமிலம் சேர்ந்த 625 மாத்திரை நம் ஊரில் சளி, பல்வலி, காயம் எல்லாவற்றுக்கும் எழுதப்படுகிறது. அதில் அமாக்சிசிலின் 500, மீதி 125 மற்றது. எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை என்பது அந்த அளவின் வழக்கமான முறை. பிரிட்டனில் அப்படித்தான் எழுதுகிறார்கள். இங்கே அடிக்கடி காலையும் இரவும் மட்டும். இரண்டு வேளை என்றால் எட்டு மணி நேரம், மூன்றில் ஒரு பங்கு நாள். எளிதில் மடியும் கிருமிக்கு அது தாராளம். தடுப்பு அளவு ஏறிய கிருமிக்குப் போதாது. இந்த வித்தியாசத்தை நோயாளி அறிய வழியே இல்லை, ஏனென்றால் பெரும்பாலான காய்ச்சல்கள் தாமாகவே இறங்கிவிடும். மாத்திரை பேர் வாங்கிக்கொள்ளும்.

மேலே போட்டதெல்லாம் காகிதக் கணக்கு என்பதையும் சொல்லிவிட வேண்டும். இருபது வயதுச் சிறுநீரகத்துக்கும் எழுபத்தைந்து வயதுச் சிறுநீரகத்துக்கும் வேகம் ஒன்றில்லை. சிறுநீரகம் நன்றாகவே பழுதுபட்டவரிடம் அமாக்சிசிலினின் அரையாயுள் ஒரு மணியிலிருந்து பல மணி நேரத்துக்கு நீளும். பேரனுக்குக் காலியாகும் இரவு நேரத்தில் தாத்தாவின் ரத்தத்தில் மருந்து நின்றுகொண்டிருக்கும்.

சிறுநீரகத்தின் இந்த அவசரம் ஆன்டிபயாடிக் வரலாற்றின் முதல் பக்கத்திலேயே இருக்கிறது. 1941 பிப்ரவரியில் ஆக்ஸ்போர்டில் ஆல்பர்ட் அலெக்சாண்டர் என்ற போலீஸ்காரருக்குப் பென்சிலின் ஊசி போட்டார்கள். சீழ் பிடித்து ஒரு கண் போயிருந்தது. ஓரிரு நாளில் காய்ச்சல் இறங்கிச் சாப்பிட ஆரம்பித்தார். கையில் இருந்த மருந்தோ மிகக் கொஞ்சம். போட்ட வேகத்தில் அது சிறுநீரில் போய்க்கொண்டிருந்தது. ஆய்வுக்கூடத்தார் அவருடைய சிறுநீரைச் சேகரித்து, அதிலிருந்து பென்சிலினைப் பிரித்தெடுத்து, அவருக்கே மறுபடி ஏற்றினார்கள். அப்படியும் இருப்பு தீர்ந்தது. நோய் திரும்பி மார்ச்சில் அவர் இறந்துபோனார். மருந்து வேலை செய்தது, இடைவெளி விழுந்ததும் கிருமி மீண்டது. பின்னாளில் புரோபெனெசிட் என்றொரு மருந்தைக் கண்டுபிடித்ததே சிறுநீரகத்தில் பென்சிலின் வெளியேறும் வாசலை அடைப்பதற்காகத்தான். இன்னொரு பக்கம், தசையில் தங்கி மெல்ல மெல்லக் கசியும் பென்சாதின் பென்சிலின் வந்தது. முடக்குக் காய்ச்சல் வந்து இதய வால்வு கெட்ட பிள்ளைகள் மூன்று வாரத்துக்கு ஒருமுறை வரிசையில் நின்று போட்டுக்கொள்ளும், மறக்க முடியாதபடி வலிக்கிற ஊசி அது.

எல்லாரும் இடைவெளியை அடைக்கப் பார்த்துக்கொண்டிருந்தபோது, டப்ளினைச் சேர்ந்த ஜோசப் பிகர் வேண்டுமென்றே இடைவெளி விடலாமே என்றார். 1944இல் ஸ்டெஃபிலோகாக்கஸ் மேல் பென்சிலினை ஊற்றியபோது, ஏறக்குறைய பத்து லட்சத்தில் ஒன்று சாகாமல் கிடந்ததைப் பார்த்தார். அவை எதிர்ப்புப் பெற்றவை அல்ல; வளராமல் சும்மா இருந்தவை. பென்சிலின் செல்சுவர் கட்டப்படும்போதுதான் புகுந்து கெடுக்கும். கட்டடமே எழுப்பாதவனிடம் அதற்கு வேலை இல்லை. ஆகவே மருந்தைச் சற்று நிறுத்தி, ஒளிந்திருப்பவை வெளியே வந்து வளரத் தொடங்கும்போது மறுபடி அடிக்கலாம் என்பது பிகரின் யோசனை. மருத்துவம் அதை ஏற்றுக்கொள்ளவில்லை. ஆனால் 2014இல் ஜெருசலேம் எபிரேயப் பல்கலைக்கழகத்தில் நதாலி பலபான் குழு செய்த சோதனை பிகரின் கிருமிகளுக்கு வேறொரு முகம் கொடுத்தது. ஈ.கோலை பாக்டீரியாவுக்கு நாளுக்கு ஒருமுறை ஆம்பிசிலின் கொடுத்தார்கள். ஒரு கூட்டத்துக்கு 3 மணி நேரம், இன்னொன்றுக்கு 5, மற்றொன்றுக்கு 8. பிறகு மருந்தைக் கழுவிவிட்டு வளரவிட்டார்கள். சில சுற்றுகளிலேயே கிருமிகள் தம் தூக்கத்தின் நீளத்தை அந்தந்த மருந்து நேரத்துக்கு ஏற்றபடி மாற்றிக்கொண்டிருந்தன. 3 மணி நேரம் மருந்து வாங்கியது அதற்கு ஏற்ற அளவு தூங்கிற்று, 8 மணி நேரம் வாங்கியது அதற்கு ஏற்ற அளவு. தடுப்பு அளவு கொஞ்சமும் கூடவில்லை, அதனால் வழக்கமான பரிசோதனையில் இவை சாதுவான கிருமிகளாகவே தெரியும். நம் கால அட்டவணையை நாம் மறக்கிறோம், அவை மனப்பாடம் செய்கின்றன. குடுவையில் நடந்ததை அப்படியே உடம்புக்கு எடுத்து வைக்கக் கூடாதுதான். இருந்தாலும் இதைப் படித்தபின் ஒவ்வொரு நாளும் ஒரே நேரத்தில் மாத்திரை போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு லேசாகச் சிரிப்பு வருகிறது.

மனிதரை அட்டவணைக்கு இழுப்பதைவிட மருந்தை மனிதரிடம் இழுப்பது சுலபம் என்று மருந்து வேதியியல் சீக்கிரமே கண்டுகொண்டது. வயிற்று அமிலத்தில் பென்சிலின் அழிந்துபோனதால்தான் முதலில் ஊசி. ஆஸ்திரியாவில் குண்டல் என்ற சிற்றூரில் 1950களின் தொடக்கத்தில் அமிலத்தைத் தாங்கும் பென்சிலின்-வி பிறந்ததும் அது மாத்திரையாயிற்று. டாக்சிசைக்ளினுக்கு அரையாயுள் 16 மணி நேரத்துக்கு மேல். முதல் நாள் இரண்டு, பிறகு தினம் ஒன்று என்று அது பழகிவிட்டது. முதல் நாள் இரட்டை அளவு ஏன் என்றால், மெல்ல வெளியேறும் மருந்து மெல்லத்தான் நிரம்பும். நான்கைந்து அரையாயுள் கடந்த பிறகுதான் ரத்தத்தில் ஒரு நிலைக்கு வரும். காய்ச்சல்காரர் அதுவரைக்கும் காத்திருக்க முடியாது.

இந்த வழியில் வெகுதூரம் போனது அசித்ரோமைசின். 1980இல் ஜாக்ரெப் நகரத்தில் பிலிவா நிறுவனத்தின் வேதியியலாளர்கள் உருவாக்கியது. ரத்தத்தில் தேடினால் கொஞ்சமாகத்தான் கிடைக்கும். அது திசுக்களுக்குள்ளும் வெள்ளணுக்களுக்குள்ளும் புகுந்து உட்கார்ந்துகொள்கிறது. அரையாயுள் ஏறத்தாழ 68 மணி நேரம். நாளுக்கு ஒன்று, மூன்று நாள், வேலை முடிந்தது. கா, ம, இ மூன்றில் ஏதோ ஒன்றில் டிக் அடித்தால் போதும். மறதிக்காரருக்கும் வெளியூர் போகிறவருக்கும் இதைவிடச் சௌகரியமான மருந்து இல்லை, அதனால் சளிக்குக்கூட மூன்று மாத்திரைப் பட்டையைக் கிழித்துக் கொடுத்தாயிற்று. இந்தியாவில் 2019ஆம் ஆண்டுத் தனியார் துறை விற்பனையைக் கணக்கிட்ட ஆய்வொன்றில் அதிகம் உட்கொள்ளப்பட்ட ஆன்டிபயாடிக் வடிவம் அசித்ரோமைசின் 500தான். அதே சௌகரியத்துக்கு ஒரு வால் இருக்கிறது. மூன்று நாளில் மாத்திரை தீர்ந்தாலும் மருந்து தீர்வதில்லை. கிருமியைக் கொல்லப் போதாத, ஆனால் பழக்கிவிடப் போதுமான அளவில் வாரக்கணக்கில் உடம்பில் இழுத்துக்கொண்டே போகும். தொண்டையிலும் குடலிலும் குடியிருக்கிற, நோய்க்குச் சம்பந்தமே இல்லாத பாக்டீரியாக்களுக்கு அது நீண்ட பயிற்சிக் காலம். அமாக்சிசிலினிடம் இந்தக் குற்றத்தைச் சொல்ல முடியாது. நிறுத்தினால் மறுநாள் போய்விடும்.

சா.மு., சா.பி. பற்றி நீட்டப்போவதில்லை. வெறும் வயிற்றில் மாத்திரை போடக் கூடாது என்பது நம் வீடுகளில் சட்டம். அமாக்சிசிலின் அதைப் பொருட்படுத்தாது. செஃபுராக்சிம் மாத்திரைக்குச் சாப்பாடு தேவை. ரிஃபாம்பிசினுக்கு வெறும் வயிறு தேவை. சிப்ரோஃப்ளாக்சசினை ஒரு டம்ளர் பாலோடு கொடுத்தால் கால்சியம் அதைக் குடலிலேயே கட்டிப்போட்டு, உறிஞ்சப்படும் அளவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கைத் தின்றுவிடும். நோயாளிக்குத் தெம்பு வரட்டும் என்று பால் கொடுக்கிற கை அதை அறியாது. உறையின் மேல் "பாலோடு வேண்டாம்" என்று அச்சடிக்க இரண்டு சொல் இடம்கூடவா இல்லை?

இதுவரை சொன்னதில் பென்சிலின் குடும்பத்தின் பாடம் ஒன்று இருக்கிறது: பிரித்துப் பிரித்துக் கொடு. இதற்கு நேர் எதிரான பாடம் சென்னையில் எழுதப்பட்டது.

1956இல் சேத்துப்பட்டில் காசநோய் வேதிமருத்துவ மையம் தொடங்கியது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழு, அன்றைய சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் குழு நான்கும் சேர்ந்து ஐந்தாண்டுத் திட்டமாக ஆரம்பித்தது. இன்று தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக அதே இடத்தில் இருக்கிறது. வாலஸ் ஃபாக்ஸ் தலைமையில் நடந்த முதல் ஆய்வு உலகப் பெயர் பெற்றது. சானடோரியத்தில் படுக்கவைத்து நல்ல சாப்பாடு போட்டவர்களும், நெருக்கடியான வீட்டில் இருந்துகொண்டு மாத்திரை சாப்பிட்ட ஏழைகளும் ஏறக்குறைய ஒரே அளவில் குணமானார்கள் என்று 1959இல் அறிவித்தார்கள். சானடோரியங்களின் காலம் முடிய அது காரணமாயிற்று. அந்த ஆய்வைப் பற்றி நிறையப் பேர் எழுதியாயிற்று. அடுத்த ஆண்டு வந்த இரண்டாவது ஆய்வை யாரும் பேசுவதில்லை. எனக்கு அதுதான் பெரிதாகத் தோன்றுகிறது.

அன்று காசநோய்க்கு ஐசோனியசிட் என்ற மருந்தோடு சேர்த்துக் கொடுத்த பாஸ் என்கிற மருந்தைக் கிராம் கணக்கில் தினமும் விழுங்க வேண்டும். வயிற்றைப் புரட்டும், விலையும் அதிகம். மலிவான ஐசோனியசிட்டை மட்டும் கொடுத்தால் என்ன என்று பார்க்க நான்கு குழுக்கள். ஒன்றுக்கு ஐசோனியசிட்டும் பாஸும். மற்ற மூன்றுக்கும் ஐசோனியசிட் மட்டும்: ஒன்றுக்குப் பெரிய அளவு ஒரே வேளையாக, ஒன்றுக்கு அதே அளவு இரண்டாகப் பிரித்து, ஒன்றுக்குச் சிறிய அளவு இரண்டாகப் பிரித்து. சேர்த்துக் கொடுத்ததுதான் முதலிடம். ஒற்றை மருந்து போதாது என்பது உறுதியானது. ஆனால் ஒற்றை மருந்துக் குழுக்களுக்குள், அதே அளவை ஒரே வேளையில் விழுங்கியவர்கள் பிரித்து விழுங்கியவர்களைவிடத் தெளிவாகத் தேறியிருந்தார்கள். காசநோய்க் கிருமிக்கு மருந்து நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக இருப்பதைவிட ஒருமுறை உச்சிக்கு ஏறுவது மேல் என்று ஆய்வாளர்கள் வாசித்தார்கள். ஒரே வேளைக்காரர்கள் சிலருக்குக் கால் எரிச்சலும் மரப்பும் வந்தன. அதற்குச் சிறிதளவு வைட்டமின் பி6 போதும் என்பதையும் அதே மையம் கண்டது.

பென்சிலினும் ஐசோனியசிட்டும் ஏன் இப்படி முரண்படுகின்றன? கிருமியின் கடிகாரத்தைப் பார்த்தால் பாதி விளங்கும். ஈ.கோலை வசதி கிடைத்தால் 20 நிமிடத்தில் இரண்டாகும். காசநோய்க் கிருமிக்கு ஏறக்குறைய ஒரு நாள் வேண்டும். ஒரு தடவை நன்றாக அடிபட்டால் மருந்து போன பிறகும் மறுபடி வளரத் தொடங்க அதற்குப் பல நாள் பிடிக்கும். ஈகிளின் கிருமிகள் ஓர் இரவில் எத்தனையோ தலைமுறை காண்கின்றன. இந்தக் கிருமிக்கு அந்த இரவு ஒரு தூக்கம்.

அப்படியானால் தினமும்தான் எதற்கு? சென்னை மையம் அடுத்து கேட்டது இதை. கண் முன்னால் வைத்து வாரம் இரண்டு முறை, பெரிய அளவில் ஐசோனியசிட், கூட ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி. 1964இல் வெளியான முடிவு, வீட்டில் தினமும் தானே எடுத்துக்கொண்டவர்களுக்கு இது குறைந்ததில்லை என்றது. உற்சாகத்தில் வாரம் ஒருமுறைக்கும் போனார்கள். அங்கேதான் தடுக்கியது, அதுவும் எல்லாருக்கும் இல்லை. ஐசோனியசிட்டை ஈரல் மாற்றி ஒதுக்குகிற வேகம் பிறப்பிலேயே ஆளுக்கு ஆள் வேறு. வேகமாக ஒதுக்குபவருக்கு அரையாயுள் ஒரு மணி நேரத்தை ஒட்டி இருக்கும், மெல்ல ஒதுக்குபவருக்கு மூன்று மணி நேரம் போல. தென்னிந்தியர்களில் ஏறக்குறைய 60 சதவீதம் பேர் மெல்ல ஒதுக்குபவர்கள். தினமும் மாத்திரை போட்டவரை இந்த வித்தியாசம் வெளியே தெரியவில்லை. வாரம் ஒருமுறை என்றானதும் வேக ஈரல்காரர்களிடம் வைத்தியம் தோற்றது. ஒரே மையம், ஒரே மாத்திரை, பார்க்க ஒரே மாதிரி மெலிந்த இரண்டு பேர். ஒருவருக்குப் போதுமானது அடுத்தவருக்குப் போதவில்லை. இடைவெளியை நீட்ட நீட்ட உடம்புகளின் வித்தியாசம் மேலே வந்தது.

இந்த எச்சரிக்கை இருந்தும், 1990களில் நாடு முழுக்கப் பரவிய திட்டத்தில் வாரம் மூன்று முறை மாத்திரைதான் ஏற்கப்பட்டது. அதைத் தவறு என்று ஒரே வரியில் தள்ளிவிட மாட்டேன். பணியாளர் முன்னால் விழுங்க வேண்டும் என்பது நிபந்தனை. வாரம் ஆறு நாள் கூலியை விட்டுவிட்டு ஒருவர் மையத்துக்கு வர முடியாது, மூன்று நாள் வருவதே பாடு. அட்டவணையை எழுதியது பாதி கிருமியியல், பாதி பேருந்துக் கட்டணம். ஆனால் விட்டுப்போன ஒரு வேளையை அது பொறுக்காது. வாரம் மூன்றில் ஒன்றைத் தவறவிட்டால் நான்கைந்து நாள் காலி. 2017இல் இந்தியா முழுவதும் தினசரி முறைக்கு மாறியது. உச்ச நீதிமன்றம் வரை போன விஷயம். எச்.ஐ.வி.யும் காசநோயும் சேர்ந்து இருப்பவர்களில் தினசரி முறையே வாரம் மூன்று முறையைவிட நல்ல பலன் தருகிறது என்ற ஆய்வை 2018இல் வெளியிட்டதும் அதே சேத்துப்பட்டு நிறுவனம்தான். இடைவெளி விடலாம் என்று உலகுக்குக் காட்டிய இடமே வேண்டாம் என்றும் காட்டியது. ஆராய்ச்சி நிறுவனம் ஒன்றுக்கு இதைவிட நல்ல பெயர் வேறென்ன வேண்டும்?

தினமும் என்றானபின் தினமும் யார் பார்ப்பது? 1950களில் மையத்தின் ஆட்கள் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போய் மீதி மாத்திரையை எண்ணுவார்கள், சிறுநீர் வாங்கி வருவார்கள். பாஸ் உள்ளே போயிருந்தால் ஃபெரிக் குளோரைடு பட்டதும் அதன் நிறம் மாறும். பின்னாளில் மாத்திரைப் பட்டையில் ஒவ்வொரு குழிக்கும் பின்னால் ஒரு தொலைபேசி எண் மறைந்திருக்கும் உறை வந்தது. மாத்திரையைப் பிதுக்கினால்தான் எண் தெரியும். அந்த எண்ணுக்கு இலவசமாக ஓர் அழைப்பு விட்டால் கணினியில் பதிவாகும். 99டாட்ஸ் என்று பெயர். அழைப்பு வந்தால் மாத்திரை போட்டதாகக் கணக்கு. அந்தக் கணக்கு எவ்வளவு சரி என்று பார்க்கச் சென்னை, வேலூர், மும்பை நோயாளிகளிடம் ஓர் ஆய்வு நடந்து 2020இல் வெளியானது. மாத்திரையை விழுங்கிவிட்டு அழைக்காதவர்கள் இருந்தார்கள், விழுங்காமல் அழைத்தவர்களும் இருந்தார்கள். நம்பும்படியான துல்லியம் இல்லை என்று எழுதினார்கள். அதைக் கண்டுபிடிக்க அவர்கள் கையாண்ட வழி, முன்னறிவிப்பு இல்லாமல் வீட்டுக் கதவைத் தட்டி, சிறுநீரை வாங்கி, அதில் ஐசோனியசிட் இருக்கிறதா என்று சோதித்தது.